புடலங்காய் சாட்சி

அத்தியாயம் ஆறு

"நீங்க பொய் சொல்றீங்க வரதண்ணே" என்றார் சங்கமித்ரா மேடம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மனுஷன் வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணூரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் அந்தக் கையில் இரண்டு விரலை வாங்கிவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. தன் கையால் டீ போட்டுத் தர முடியவில்லையே என்று கூச்சப்பட்டு, கீழே கடையில் சொல்லி வரவழைத்திருந்தார். அந்த டீயைக் குடித்துக்கொண்டே இப்படியா கேட்பது?

எங்க மேடம் கேட்பார். ராயபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே 'மித்ரா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி, போர்டுக்குக் கீழே என்னையும் மாட்டி வைத்திருக்கிறார். என் பெயர் ஜெபின். பூர்வீகம் சாத்தான்குளம். மண்ணடியில் அப்பாவின் பாத்திரக் கடையில் உட்காரப் பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தவன். கடையிலாவது மின்விசிறி இருந்தது.

வரதன் தலையைத் தூக்கவில்லை. "பொய் இல்லம்மா. நான்தான் சென்சார மூடிட்டேன். கை மாட்டிக்கிச்சு. எழுதிகினு வந்தாங்க, இடது கைல ரேகை வெச்சுக் குட்த்துட்டேன்."

"மெஷினுக்கு முன்னாடி ரெண்டு கம்பம் நிக்குது. நடுவுல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுது. கை குறுக்க போனா வெளிச்சம் அறுந்துபோகும், மெஷின் நிக்கும். கரெக்டா?"

"ஆமா."

"அப்ப துணி போட்டு மூடினாலும் வெளிச்சம் அறுந்துபோகும். மெஷின் நிக்கும். நின்ன மெஷின் எப்படிண்ணே விரலை எடுக்கும்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒருவேளை நின்னா சம்பளத்தைப் பிடிப்பாங்கன்னு மெஷினும் பயந்திருக்கும் மேடம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வரதன் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"வெக்கமா கீதும்மா" என்றார் அவர். "கம்பெனி கேட்டாண்ட போர்டுல பாதுகாப்புத் தோழர்னு என் போட்டோவ மாட்டிக்கீறாங்க. புதுசா வர்ற பசங்களுக்குக் கைய எங்க வெக்கணும்னு சொல்லிக் குட்த்தவன் நானு. தெருவுல எறங்க முடியல. குடிச்சிட்டு வேலைக்குப் போனான்னு பேசிக்கிறாங்க. வுட்டுருங்க, நாளைக்கு வெசாரணையோட முடிஞ்சிரும்."

முடிந்துவிடும், அதுதான் எங்கள் கவலை. பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே முடக்கினார் என்று நாளைக்கு எழுதிவிட்டால் வரதனுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. 'வரதண்ணன் அப்படி செய்யற ஆளே கெடையாது' என்று தொழிற்சங்கச் செயலாளர் வல்லரசு எங்களைத் தேடி வந்தது அதனால்தான்.

அவர் எழுந்தபோது துண்டு கொஞ்சம் விலகியது. கை முழுக்க வெள்ளைக் கட்டு. கட்டின் நுனி பிரியாமல் இருக்க மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது, ஒயர்களுக்குச் சுற்றுவார்களே அந்த டேப்.

"கட்டு யாரு போட்டது?"

"ஆஸ்பத்திரில."

"ஆஸ்பத்திரில இப்பல்லாம் இன்சுலேஷன் டேப்பா ஒட்டறாங்க?"

வரதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

---

எண்ணூர் போகும் வழியில் டோல்கேட் தாண்டும்போது மேடம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். தள்ளுவண்டிக் காய்கறிக்காரியிடம் இருந்ததிலேயே நீளமான புடலங்காயைப் பொறுக்கி என் மடியில் போட்டார்.

"கூட்டுக்கா மேடம்?"

"சாட்சிக்கு. ஒடிச்ச, உன் விரலைத்தான் பிரஸ்ல வைப்பேன்."

திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க கன்டெய்னர் லாரி. ஆட்டோவுக்கு வெளியே அரை அடி நீட்டிக்கொண்டிருந்த காயைக் காப்பாற்றுவதே என் பிழைப்பாகிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். துப்பறியும் நிலையத்தில் வேலை என்று ஊருக்குப் போன் போட்டுப் பெருமை அடித்திருக்கிறேன். அம்மா இதைப் பார்க்கவில்லை என்பது ஒரு நிம்மதி.

"வல்லரசு சொன்னதைக் கவனிச்சியா?" என்றார் மேடம். "அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல கிடக்கார். எவனோ 'மெஷினோட கன்ட்ரோலர் செட்டிங்கைப் பாக்கணும், இன்ஜினியரைக் கூப்பிடு'ன்னு கத்தறான். அதுவரைக்கும் முனகிட்டிருந்தவர் எழுந்து உக்காந்து 'செட்டிங்லாம் தொடாதீங்க, நான்தான் மூடிட்டேன்'னாராம்."

"யாரையோ காப்பாத்துறாரு."

"அது எனக்கும் தெரியுது. யாரைன்னு தெரிஞ்சா நான் எதுக்குடா காய்கறி வாங்கறேன்?"

தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் எங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "வரதண்ணன் கை எப்படி கீது?" என்று கேட்டார். பக்கத்தில் அறிவிப்புப் பலகை. பாதுகாப்புத் தோழர் என்ற எழுத்துக்குக் கீழே போட்டோ இல்லை, நாலு ஆணி மட்டும் இருந்தது. போட்டோவை எடுத்த கை ஆணியையும் எடுத்திருக்கலாம். எனக்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

உள்ளே வல்லரசு ஓடிவந்து அதையேதான் கேட்டார். வரதன் வேலை பார்த்த நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இப்போது ராமசெல்வி என்ற அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவரும் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன் கை எப்படி கீதும்மா?" என்றார்.

"வலி குறைஞ்சிருக்கு" என்ற மேடம், மெஷினைப் பார்த்து முகம் மாறினார். "இது ஓடுதா?"

"நேத்துலேர்ந்து ஓட்றாங்க. அண்ணன் அவரே மூடிகினாருன்னு சொல்லிட்டாரே, மெஷின்ல ஒண்ணும் இல்லயாம்."

மேனேஜர் ரகுபதி வந்தார். சட்டை கசங்காத மனிதர். மேடம் அவரிடம் அனுமதி கேட்டார், ஆனால் கேட்கும்போதே புடலங்காய் என் கையில் தயாராக இருந்தது.

முதலில் பக்கத்து மெஷின், மூன்றாம் நம்பர். பிரஸ் இறங்க ஆரம்பித்ததும் காயின் நுனியை இரண்டு கம்பங்களுக்கு நடுவே நீட்டினேன். மெஷின் அப்படியே நின்றது. காயில் ஒரு கீறல் இல்லை.

அடுத்து நாலாம் நம்பர். அதே காய், அதே நீட்டல். சதக்கென்று ஒரு சத்தம். மெஷின் நின்றது, நிற்கத்தான் செய்தது. ஆனால் அதற்குள் நுனி துண்டாகிக் கீழே விழுந்திருந்தது.

ராமசெல்வி தன் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் மேடம். "கண்ணு பார்த்த சேதி மூளைக்கு லேட்டாப் போகுது. சார், இந்த மெஷினை நிறுத்துங்க."

ரகுபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன மேடம் இது, புடலங்காயை நம்பி லைனை நிறுத்தணுமா? ஒப்புக்கிட்ட ஆளே இருக்கார். எங்க இன்ஜினியர் சொல்லட்டும், நிறுத்தறேன். இப்ப சாப்பாட்டு நேரம். முடிஞ்சு சங்கு ஊதினா லைன் ஓடும், அவ்வளவுதான்."

அவர் போனதும் மேடம் குனிந்து, கம்பத்தில் வெளிச்சம் வரும் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். கைக்குட்டையை ஒரு ஓரத்தில் லேசாக ஒற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ராமசெல்வியிடம், "இது முன்னாடி எப்படிக்கா இருந்துச்சு?" என்றார்.

"ஆயுத பூஜை வரைக்கும் ஒயுங்கா இருந்துச்சும்மா. அதுக்கப்புறம் ஒரே பேஜாரு. கையே போகாது, சும்மா சும்மா நின்னுடும். ரகுபதி சார் எல்லாரையும் வாங்கு வாங்குன்னு வாங்குவாரு. அப்புறம் தானா சரியாயிடுச்சு."

"மெஷின் தானா கெட்டுப்போகும்க்கா. தானா சரியாகாது. யாரு வந்து பாத்தாங்க?"

"கன்ட்ரோலர் போட்ட கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு வரும், லேப்டாப் வெச்சிகினு. மகிழினின்னு பேரு."

---

கான்டீனுக்குப் பின்னால், கை கழுவும் குழாய் ஓரம் மகிழினியைப் பார்த்தோம். வெள்ளை ஹெல்மெட், தோளில் பை, இங்கிலீஷ் கலந்த சுத்தமான பேச்சு. என் கையில் இருந்த முண்டப் புடலங்காயைப் பார்த்ததும் அந்தப் பேச்சு ஒரு நொடி தடுக்கியது.

"கன்ட்ரோலர் எப்படி வேலை செய்யும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார் மேடம்.

"சிம்பிள் மேடம். கன்ட்ரோலர் சென்சாரைப் பாக்கும், ப்ரோக்ராமை ஓட்டும், மெஷினுக்கு ஓடு, நில்லுன்னு ஆர்டர் கொடுக்கும். மறுபடி முதல்லேர்ந்து. இந்த ஒரு சுத்துக்குத்தான் சைக்கிள்னு பேரு. நாம கண் சிமிட்டறதுக்குள்ள பல சுத்து முடிஞ்சிடும்."

"அந்தச் சுத்தை மெதுவாக்க முடியுமா?"

"டெக்னிக்கலா... முடியும்."

"மெதுவாக்கினா?"

"நடுவுல வந்துட்டுப் போற சின்னச் சின்ன சிக்னலை அது பார்க்காது."

"சும்மா சும்மா நிக்கறதும் நின்னுபோகும். நிஜமா ஒரு கை போனாலும் லேட்டாத்தான் பார்க்கும்" என்று மேடம் முடித்துவைத்தார். மகிழினி ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு கேக்கறேன். வாட்ச்மேன், வல்லரசு, ராமசெல்வி, எல்லாருமே எங்களைப் பார்த்ததும் முதல்ல கேட்டது வரதண்ணன் கை எப்படி இருக்குன்னுதான். நீ கேக்கலையே?"

"எனக்கு அவரை அவ்வளவாப் பழக்கமில்ல மேடம்."

"பழக்கமில்லாதவங்களும் கேட்டாங்கம்மா. காலைல கையைப் பார்த்துட்டு வந்தவங்கதான் கேக்க மாட்டாங்க." மேடம் அவள் பையின் பக்க அறையைக் காட்டினார். மஞ்சள் இன்சுலேஷன் டேப் ரோல் எட்டிப் பார்த்தது. "பேட்ஜில பேருக்கு முன்னால வி-ன்னு இருக்கே. வி-க்கு என்ன விரிவு?"

மகிழினி குழாயைத் திறந்தாள். முகம் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் குனியவே இல்லை.

"வரதன்" என்றாள். "எங்கப்பா."

வந்த நாளிலேயே வரதன் சொல்லிவிட்டாராம். பிரஸ் ஓட்டுறவன் பொண்ணுன்னு தெரிஞ்சா உன் பேச்சை இவங்க மதிக்க மாட்டாங்க. உள்ளே என்னை அப்பான்னு கூப்பிடாதே. பார்த்தாலும் பார்க்காத மாதிரி போயிடு.

"நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் மேடம். சொல்லல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. டீ பிரேக்ல அவர் நின்னுகினு இருப்பாரு, நான் ரகுபதி சாரோட பேசிகினே தாண்டிப் போவேன். ஒரு தபா அவரு எனக்கு வழி வுட்டு ஒதுங்கினாரு. நான் தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போனேன். எங்கப்பனுக்கு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனேன்!"

அவள் அழுததைவிட அந்தப் பேச்சு வியாசர்பாடிக்குத் திரும்பியதுதான் என்னை என்னவோ செய்தது.

மெஷின் அடிக்கடி நின்றிருக்கிறது. ஏன் என்று அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இது அவள் தனியாகச் செய்து முடித்த முதல் மெஷின். தெரியவில்லை என்று ரகுபதியிடம் சொல்ல வெட்கம், தன் ஆபீசில் பெரியவர்களைக் கேட்க அதைவிட வெட்கம். சைக்கிள் நேரத்தை நீட்டினாள். அதை நீட்டினால் கன்ட்ரோலர் தன்னையே சந்தேகப்பட்டு நின்றுவிடும், அதற்கு வாட்ச்டாக், அதாவது காவல்நாய், என்று ஒரு நேர வரம்பு உண்டு. அதையும் நீட்டினாள்.

"நாயைத் தூங்கவச்சிட்டீங்க" என்றேன். சொன்ன வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வாய்க்கு ஒரு கன்ட்ரோலர் இருந்தால் தேவலை.

"இன்னிக்கே மாத்த வேண்டியதுதானே?" என்றார் மேடம்.

"மாத்தினா யாரு, எப்பன்னு அதுலயே பதிவாயிடும். ரெண்டு தபா லேப்டாப்பத் தொறந்துட்டு மூடிட்டேன். நாளைக்கு விசாரணை முடியட்டும் மேடம், யாருக்கும் தெரியாம பழையபடி வெச்சுடறேன். அப்பாவே தொடாதன்னுதான் சொன்னாரு."

"மெஷின் திரும்ப ஓடுதுன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லல."

"அப்ப நாளைக்கு வரைக்கும் ராமசெல்வி விரல்?"

மகிழினி குழாயை மூடிவிட்டு, "அது எதுக்கு சும்மா நின்னுச்சுன்னுதான் எனக்கு இன்னும் புரியல" என்றாள். தப்பிக்கத்தான் கேட்டாள். ஆனால் மேடம் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"வா, காட்டறேன்."

---

நாலாம் நம்பரில் ராமசெல்வி சாப்பிட்டு முடித்துத் திரும்பியிருந்தார். மேடம் கைக்குட்டையை விரித்தார். ஒரு ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீற்றல்.

"குங்குமம், சந்தனம். கம்பத்துக் கண்ணாடில காய்ஞ்சு ஒட்டியிருக்கு. முழுசா மறைச்சா மெஷின் எழுந்திருக்கவே செய்யாது. பாதி மறைச்சா, மெஷின் அதிரும்போதெல்லாம் வெளிச்சம் வந்து வந்து போகும். அக்கா, பூஜைக்கு இந்த மெஷினுக்கு யாரு பொட்டு வச்சாங்க?"

"வரதண்ணன்தான். எல்லா மெஷினுக்கும் ஒரு பொட்டுதான் வெப்பாரு. இதுக்கு மட்டும் குளிப்பாட்டாத கொறையாத் தொடைச்சு, கன்ட்ரோலர் பொட்டிக்கு ஒண்ணு, அந்தக் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் வரிசையா வெச்சாரு. இன்னாண்ணா, இதுக்கு மட்டும் ஸ்பெஷல்னு கேட்டேன். இது எம் பொண்ணு மாதிரின்னாரு. மெஷினச் சொல்றாருன்னு சிரிச்சேன்."

மகிழினி கன்ட்ரோலர் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிபட்ட அன்னிக்குக் கூட" என்று ராமசெல்வி தொடர்ந்தார், "கைய புடிச்சிகினு இங்கதான் உக்காந்தாரு. அந்தக் கண்ணாடியவே பாத்துகினு, தொடை தொடைன்னாரு. நான் என் முந்தானையால அவரு கையத் தொடைச்சிகினே இருந்தேன். இல்ல இல்லன்னு தலைய ஆட்டினாரு. மயக்கத்துல பேசறாருன்னு நெனச்சேன்."

மேடம் என்னைப் பார்த்தார். கேஸ் முடியும்போது அவர் முகத்தில் ஒரு ஜம்பம் வரும். அது வரவில்லை.

"அவர் பொய் சொல்லலடா ஜெபின்" என்றார் மெதுவாக. "நான்தான் மூடினேன்னாரு. மூடித்தான் இருக்கார், பொட்டு வச்சு. மூடினா மெஷின் நிக்கும்னு நான் பெரிய இவளாட்டம் சொன்னேன். நின்னிருக்கு. அங்கேர்ந்துதான் எல்லாமே ஆரம்பிச்சிருக்கு. தன் தப்பைத்தான் அவர் ஒத்துக்கிட்டார். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிச்சிட்டே அவரைப் பொய்யன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அப்போது சங்கு ஊதியது.

மெஷின்கள் வரிசையாக உறும ஆரம்பித்தன. ரகுபதி தூரத்திலிருந்தே கையை ஆட்டினார், ஓட்டு ஓட்டு என்று. ராமசெல்வி எங்களைப் பார்த்தார், ரகுபதியைப் பார்த்தார், பிறகு வீட்டில் இருக்கும் அடுப்பை நினைத்தாரோ என்னவோ, ஒரு தகட்டை எடுத்து உள்ளே நீட்டினார்.

மகிழினி பாய்ந்தாள். சிவப்புப் பட்டனில் அவள் உள்ளங்கை அறைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நாலாம் நம்பர் மட்டுமல்ல, அந்த வரிசை முழுக்க நின்றுபோனது. அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"யாரைக் கேட்டும்மா நிறுத்தின?" ரகுபதி ஓடிவந்தார்.

"யாரையும் கேக்கல சார். இந்த கன்ட்ரோலரோட சைக்கிள் டைமை நீட்டினது நான். காரணம் தெரியாததை மறைக்கறதுக்கு நீட்டினேன். அவர் மேல தப்பு இல்ல."

"எவர் மேல?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எங்கப்பா மேல. வரதன். நான் வரதன் பொண்ணு."

வல்லரசு பக்கத்து மெஷினில் சாய்ந்துகொண்டார். ராமசெல்வி மட்டும் தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் முன்னால் வந்து நின்றார். அறையப் போகிறார் என்றே நினைத்தேன். அறைந்தாலும் யாரும் தடுத்திருக்க மாட்டோம்.

"அண்ணன், தன் பொண்ணு ஐ.டி. கம்பெனில கீதுன்னு சொன்னாரு. நீதானா அது?" என்றார். "உம் மேல எனக்கு வயிறு எரியுது. அத்த அப்புறம் பேசிக்கலாம். அப்பா கை எப்படி கீது?"

மகிழினி இவ்வளவு நாளும் யாரும் தன்னிடம் கேட்காத கேள்விக்கு முதல் தடவையாகப் பதில் சொன்னாள்.

"காத்தாலதான் கட்டு மாத்தினேங்க்கா. ராவெல்லாம் தூங்கல. கேட்டா வலிக்கலன்றாரு."